அட்டன்பரோ: ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரும் பரவலும்

அட்டன்பரோ என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் 1982இல் வெளிவந்து எட்டு ஆஸ்கர் விருதுகளை வென்ற 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ. இன்னொருவர் அவருடைய தம்பி, இயற்கை ஆவணப் படங்களால் உலகமறிந்த டேவிட் அட்டன்பரோ. அண்ணன் தம்பி இருவரும் இவ்வளவு புகழ் பெற்றதால் இது இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஸ்மித், ஜோன்ஸ் என்ற பெயர்களை லட்சக்கணக்கானவர்கள் தாங்குகிறார்கள். அட்டன்பரோ அரிய பெயர். அதுவும் பல நூற்றாண்டுகளாக நாட்டிங்ஹாம்ஷயரையும் பக்கத்து டார்பிஷயரையும் விட்டு அதிகம் நகராத பெயர்.

அரிய பெயர்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே ஆளின் வம்சமா? 2009இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அட்டன்பரோ விஷயத்தில் 'ஆம்' என்று சொல்வதுபோல ஒரு விடையைத் தந்தது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. அந்த 'ஆம்' பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மீதிப் பாதி அதே ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, பலர் அதைப் படிக்காமல் தாண்டிப் போனார்கள்.

ஊரிலிருந்து வந்த பெயர்

நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றின் கரையில் அட்டன்பரோ என்ற கிராமம் இருக்கிறது. பழமையான புனித மரியாள் தேவாலயம், அதையொட்டிச் சில வீடுகள், அப்புறம் நீர்ப்பரப்பு. 1929 முதல் அங்கே சரளைக்கல் தோண்டி எடுத்தார்கள். தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து பறவைகள் வந்து சேர்ந்தன. 1966இல் அந்த இடம் இயற்கைக் காப்பகம் ஆனபோது அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஆங்கில உள்நாட்டுப் போரில் குரோம்வெல்லின் மருமகனாகவும் தளபதியாகவும் இருந்த ஹென்றி அயர்ட்டன் 1611இல் ஞானஸ்நானம் பெற்றதும் இந்த ஊரில்தான்.

ஊரின் பெயர் பழைய ஆங்கிலத்தில் ஒரு ஆளின் பெயரும் 'அரண் சூழ்ந்த இடம்' என்ற பொருள் தரும் 'பர்' என்ற சொல்லும் சேர்ந்தது என்று ஊர்ப் பெயர் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குடும்பப் பெயருக்கு வேறொரு விளக்கமும் சொல்ல முடியும். இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தருகே'. இந்திய விடுதலையின்போது பிரதமராக இருந்த கிளெமன்ட் அட்லியின் பெயர் அப்படி வந்ததுதான்: 'காட்டுவெளியருகே இருப்பவர்'. அட்வுட், அட்வெல் எல்லாம் அதே வகை. அப்படிப் பார்த்தால் அட்டன்பரோ 'கோட்டையூர் அருகே இருப்பவர்' ஆகிவிடும்.

இதில் எது சரி என்பதை அகராதியைவிட வரைபடம் நன்றாகத் தீர்க்கிறது. கோட்டையூர்கள் இங்கிலாந்து முழுக்க இருந்தன. பெயர் அந்தப் பொதுச்சொல்லிலிருந்து பிறந்திருந்தால் கென்ட்டிலும் டெவனிலும் யார்க்ஷயரிலும் தனித்தனியாக முளைத்திருக்கும். ஆனால் பெயர் குவிந்திருப்பது அட்டன்பரோ கிராமத்தைச் சுற்றியுள்ள இரண்டு மாவட்டங்களில். ஊர்தான் மூலம் என்று சொல்ல இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகப் பெற்றவர்கள் பெரும்பாலும் அந்த ஊரை விட்டு வெளியேறியவர்கள். மதுரைக்குள் யாரையும் 'மதுரைக்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள், மதுரையிலிருந்து வேலூருக்குப் போய்க் கடை வைத்தால்தான் அந்தப் பெயர் ஒட்டும். அதே கதைதான் இதுவும். அட்டன்பரோவில் இருந்த எல்லாருமே அட்டன்பரோக்காரர்கள், அங்கே அந்தப் பெயரால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்ட முடியாது. அங்கிருந்து ஐந்து மைலோ பத்து மைலோ தள்ளிப் போய்க் குடியேறியவரைத்தான் புது ஊரின் எழுத்தர் வரிப் பட்டியலில் 'அட்டன்பரோவின் ஜான்' என்று எழுதியிருப்பார். ஆகவே பெயரின் பிறப்பிடம் அட்டன்பரோ கிராமம் அல்ல, அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு ஊர். ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே தலைமுறையில் மூன்று பேர் மூன்று திசையில் போயிருந்தால் மூன்று அட்டன்பரோ குடும்பங்கள், ஒருவருக்கொருவர் உறவே இல்லாமல் தொடங்கியிருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எப்போது ஒட்டியது, எங்கே நின்றது

நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தே பழக்கம், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. 1066இல் நார்மானியர் வந்த பிறகு நிலப்பிரபுக்கள் வைத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மெல்லக் கீழே இறங்கியது. தெற்கே ஏறக்குறைய 1350க்குள்ளும் வடக்கே அதற்கு நூறு ஆண்டு கழித்தும், அப்பன் பெயர் பிள்ளைக்குப் போகும் வழக்கம் சாதாரண மக்களிடமும் உறுதிப்பட்டது.

அந்தக் காலக்கட்டம் முக்கியம், ஏனென்றால் 1348–49இல் பெரும் கொள்ளைநோய் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாண்டார்கள். அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருந்த பெயர்கள் பல, ஒன்றிரண்டு தலைமுறை கூடத் தாண்டாமல் அழிந்தன. தப்பியவையும் ஒரு வீடு, இரண்டு வீடு என்ற அளவில்தான் தப்பின. அதன் பிறகும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மக்கள்தொகை பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

பெயர்களின் பரவலைத் தேடுகிறவர்களுக்குக் கையில் கிடைக்கும் ஆவணங்கள் வரிசையாக இவை: 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள், 1538இல் தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகள், 1837 ஜூலை முதல் அரசின் பிறப்பு-இறப்புப் பதிவு, அப்புறம் பத்தாண்டுக் கணக்கெடுப்புகள். இவற்றில் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தனிச் சிறப்புள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அன்றிருந்த சுமார் 2 கோடியே 60 லட்சம் பேரின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாவற்றையும் குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் தன்னார்வலர்கள் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்து எழுதினார்கள். எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று வரைபடம் போட முடிந்தது அந்த உழைப்பால்தான். ரயிலும் தொழிற்சாலையும் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், அரிய பெயர்கள் பெரும்பாலும் தம் இடைக்காலத் தாயகத்தைச் சுற்றியே குந்தியிருந்தன என்பது அந்த வரைபடங்கள் சொன்ன பெரிய செய்தி. ஐந்நூறு ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்கள் அடுத்த சந்தையூரைத் தாண்டவில்லை.

அட்டன்பரோக்கள் நின்றதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாட்டிங்ஹாம்ஷயரில் வேலை இருந்தது. காலுறை பின்னும் சட்டகத்தை 1589இல் வில்லியம் லீ கண்டுபிடித்ததாகச் சொல்வது இதே மாவட்டத்தின் கால்வெர்ட்டன் கிராமத்தில். பின்னல் தறிகளும் பிறகு லேஸ் தொழிலும் வீட்டுக்குள்ளேயே கூலி தந்தன. 1839இல் நாட்டிங்ஹாம்–டார்பி ரயில் பாதை கிராமத்தின் வழியாகவே போனது. அதன் பிறகும் கலைவது மெதுவாகத்தான் நடந்தது.

அந்தக் கலைதலைப் புகழ்பெற்ற குடும்பத்திலேயே பார்க்கலாம். ரிச்சர்ட், டேவிட் இருவரின் தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோ 1887இல் ஸ்டேப்பிள்ஃபோர்டில் பிறந்தார். வரைபடத்தில் அளந்தால் அட்டன்பரோ கிராமத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரம்தான். கிராமத்தை விட்டுப் புறப்பட்ட பெயர் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது! அவர் படித்துக் கல்வியாளராகி வெளியே வந்தார். மூத்த மகன் ரிச்சர்ட் 1923இல் பிறந்தது கேம்பிரிட்ஜில், டேவிட் 1926இல் பிறந்தது லண்டனை ஒட்டிய ஐல்வொர்த்தில். 1932இல் ஃபிரெடரிக் லெஸ்டர் பல்கலைக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார், பிள்ளைகள் அந்த வளாகத்திலேயே வளர்ந்தார்கள். ஐந்நூறு ஆண்டு அசையாத பெயர் ஒரே தலைமுறையில் மூன்று மாவட்டத்தில் புள்ளி வைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தரவை வைத்துப் பெயரின் பிறப்பிடத்தைத் தேடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆய்வகத்துக்கு வந்த பெயர்

அந்தக் கல்லூரி பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. 1984இல் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டறிந்தது அங்கேதான். குடும்பப் பெயருக்கும் ஒய் குரோமோசோமுக்கும் உள்ள தொடர்பை டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் விரிவாக ஆராய்ந்ததும் அங்கேதான்.

தொடர்பு எளிமையானது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஆங்கிலக் குடும்பப் பெயரும் அப்படியே. ஒரே ஆளிடமிருந்து இரண்டும் புறப்பட்டிருந்தால், இன்று அந்தப் பெயர் உள்ள ஆண்களிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒய் இருக்க வேண்டும். குரோமோசோமின் சில இடங்களில் சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் எண்ணினால் ஆளுக்கு ஓர் எண் வரிசை கிடைக்கும். தலைமுறைகள் போகப் போக அதில் ஓரிரு எண் மாறும், மொத்த வரிசை மாறாது.

2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரையே எடுத்துச் சோதித்தார். சைக்ஸ் என்ற பெயர் கொண்ட 48 ஆண்களில் 43.8% பேரிடம் ஒரே வகை ஒய் இருந்தது. 'சைக்' என்றால் ஓடை. யார்க்ஷயரில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை, எனவே பல குடும்பங்கள் தனித்தனியாக இந்தப் பெயரைப் பெற்றிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்தார்கள். டிஎன்ஏ ஒற்றைத் தொடக்கத்தைக் காட்டுவதாக அவர் முடிவு சொன்னார்.

லெஸ்டர் குழு இதைப் பெரிய அளவில் செய்தது. முதலில் சொன்ன 2009 ஆய்வு இதுதான். 40 பெயர்கள், 1,678 ஆண்கள், நெருங்கிய உறவினர்களைச் சேர்க்காத தேர்வு. ஒரே மூதாதையிடம் போய்ச் சேரும் கொத்துகளுக்குள் அடங்கியவர்கள் சராசரியாக 62%. பெயருக்குப் பெயர் இது 0%இலிருந்து 87% வரை மாறியது. ஸ்மித்துகளைத் தெருவில் போகும் வேறு யாரோ இருவரோடு ஒப்பிட்டால் எந்த வித்தியாசமும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர், கொல்லர் இல்லாத ஊர் ஏது? பெயர் அரிதாக ஆக ஆக ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. அட்டன்பரோக்கள் அதில் உச்சத்தில் நின்றார்கள்: ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஒரே கொத்து.

'எல்லா அட்டன்பரோக்களும் ஒரே தாத்தாவின் பேரன்கள்' என்ற தலைப்பு இங்கிருந்து பிறக்கிறது.

பிழைத்த கிளையும் முதல் விதையும்

அதே ஆய்வின் சுருக்கம், இன்றைய ஒய் பரவலை வைத்துக்கொண்டு 700 ஆண்டுக்கு முன் பெயரைத் தொடங்கியவர்களைப் பற்றி நம்பகமாக ஒன்றும் சொல்ல முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. காரணம், பெயர்கள் அழியும் வேகம்.

இந்தக் கணக்கு பழையது. பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1873இல் கேட்டார், ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணித வழியில் விடை தேடினார். அதை இப்படிப் பார்க்கலாம். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஒன்று என்றாலும் சிலருக்கு மூன்று மகன்கள், சிலருக்கு ஒருவரும் இல்லை. இந்த நிலையில் ஒருவரின் ஆண்வழி ஐந்து தலைமுறைக்குள் அற்றுப்போகும் வாய்ப்பு 73%. பத்துத் தலைமுறைக்குள் 84%. இருபது தலைமுறைக்குள் 91%. கொள்ளைநோயும் பஞ்சமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆக 1350இல் பத்து அட்டன்பரோ குடும்பங்கள் உறவில்லாமல் தனித்தனியாகத் தொடங்கியிருந்தாலும், இன்று ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதில் ஒன்று தொழிற்புரட்சிக் காலத்தில் நிறையப் பிள்ளைகள் பெற்றிருந்தால், மற்றது தூரத்தில் புள்ளியாகிவிடும். ஆய்வகத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரே மூதாதை என்றுதான் தெரியும். தொடங்கியவர் ஒருவர் என்பதும், பிழைத்தது ஒருவருடைய கிளை என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். டிஎன்ஏ இரண்டாவதை மட்டுமே சொல்கிறது. சைக்ஸ் ஆய்வின் முடிவையும் இந்த வெளிச்சத்தில்தான் திரும்பப் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமிருந்தும் இதைச் சோதிக்கலாம். பெயர் ஒரு வழியிலும் ஒய் இன்னொரு வழியிலும் போய்விடுவது உண்டு. மணமாகாத தாய் தன் பெயரைப் பிள்ளைக்குத் தருகிறாள். ஒரு குழந்தை தத்துப் போகிறது. மாமனார் சொத்துக்காக மருமகன் பெயரை மாற்றிக்கொள்கிறான். கணவனல்லாதவனுக்குப் பிறப்பதும் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சங்கிலி அறுபடுவதாகக் கணக்கிடுகிறார்கள். எல்லாவற்றையும் மனைவியின் துரோகம் என்று எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். பிரிட்டிஷ் ஆய்வுகள் இதைத் தலைமுறைக்கு 1 முதல் 4.5% வரை என்று மதிப்பிடுகின்றன.

ராஜ வம்சத்துக்கும் இது விலக்கல்ல. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு 15ஆம் நூற்றாண்டின் ஆங்கில அரசர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று உறுதிசெய்த மரபணுப் பணியையும் டூரி கிங்தான் நடத்தினார். தாய்வழி டிஎன்ஏ பொருந்தியது. ரிச்சர்டின் ஆண்வழி மூதாதையான அரசர் மூன்றாம் எட்வர்டின் ஆண்வழி வந்தவர்களாக வம்சாவளியில் இருக்கும் ஐந்து பேரின் ஒய் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் ஒருவருடையது மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. இங்கிலாந்திலேயே மிகக் கவனமாக எழுதப்பட்ட வம்சாவளியில் இரண்டு இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது.

இப்போது ஒரு தோராயக் கணக்கு போடுவோம். தலைமுறைக்கு 2% அறுபடும் என்று வைத்தால், 700 ஆண்டில், அதாவது சுமார் 23 தலைமுறையில், முதல் ஆளின் ஒய் 63% பேரிடம்தான் மிஞ்சும். அட்டன்பரோக்களிடம் இருப்பதோ 90%க்குப் பக்கத்தில். 2% என்ற வேகத்தில் 87% மிஞ்ச வேண்டுமானால் ஏழு தலைமுறைதான் ஆகியிருக்க வேண்டும். 1% என்றால் பதினான்கு. முதலாவது நம்மை 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் இரண்டாவது 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் கொண்டுபோகிறது. சராசரியை வைத்துப் போட்ட கணக்கு, ஒரு குடும்பத்தின் அதிர்ஷ்டம் இதை எந்தப் பக்கமும் சாய்க்கும். இருந்தாலும் இந்த ஒற்றுமை இடைக்காலத்தின் முதல் அட்டன்பரோவைக் காட்டவில்லை, அவருக்குப் பல தலைமுறை பிந்தி வந்து நிறைய மகன்களைப் பெற்ற ஒருவரைக் காட்டுகிறது என்றே எனக்குப் படுகிறது. பல பெயர்களின் கொத்துகள் வயது குறைந்தவை என்று ஆய்வாளர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது.

யார்க்ஷயரிலிருந்து ஒரு எச்சரிக்கை

இதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு முடிவைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். கிழக்கு யார்க்ஷயரின் ஓர் அரிய பெயர். அந்தப் பெயருள்ள 18 பேரில் ஏழு பேரிடம், ஆப்பிரிக்காவுக்கே உரியது என்று கருதப்படும் ஏ1 வகை ஒய் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க மாதிரிகளோடு அது நெருங்கியது. அந்த ஆண்கள் தோற்றத்திலும் குடும்ப நினைவிலும் முழு ஆங்கிலேயர்கள். பதிவேடுகளைப் புரட்டியபோது ஏழு பேரும் இரண்டு கிளைகளில் அடங்கினார்கள், இரண்டின் மூதாதையரும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்ஷயரில் வாழ்ந்தவர்கள்.

அந்த ஆப்பிரிக்க மூதாதை எப்போது வந்தார்? ரோமானியர் காலத்தில் வட இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவரில் வட ஆப்பிரிக்க மூர்களின் படை ஒன்று காவலுக்கு இருந்தது. பிற்காலத்தில் அடிமை வணிகம் ஆப்பிரிக்கர்களை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தது. இரண்டில் எதையும் ஒய் தனியாகத் தீர்க்காது. இந்தப் பெயர் ஆப்பிரிக்கப் பெயரா? இல்லை, யார்க்ஷயர்ப் பெயர். பெயருக்கு ஒரு பிறப்பிடம், குரோமோசோமுக்கு ஒரு பிறப்பிடம், இரண்டும் எங்கோ ஓர் இடத்தில் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பு பெயர் பிறந்த அன்றே நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனி எங்கே தேடுவது

ஒய் குரோமோசோமை முழுவதுமாக வாசிக்கும் சோதனைகள் இன்று இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்று தலைமுறைக்கு ஒரு புது மாற்றம் தென்படும், ஆகவே கிளை பிரிந்த காலத்தை முன்பைவிட நன்றாகக் கணிக்கலாம். அட்டன்பரோக்களின் பெரிய கொத்தை அப்படி வாசித்தால், அதன் பொது மூதாதை கொள்ளைநோய்க் காலத்தவரா, பின்னல் தறிக் காலத்தவரா என்பது தெரிந்துவிடும். நான் பார்க்க விரும்புவது அதைவிடவும் அந்தக் கொத்துக்கு வெளியே நிற்கும் சிறுபான்மையை. ஒதுக்கப்பட்ட அவர்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் பொருந்தாமல் சிதறியிருந்தால், அண்மைக் காலத்தில் அங்கங்கே சங்கிலி அறுந்திருக்கிறது என்று பொருள். அவர்களுக்குள் இரண்டாவதாக ஒரு கொத்து இருந்து, அதன் வயது 600 ஆண்டுக்குப் பக்கத்தில் வந்தால், அட்டன்பரோ கிராமத்திலிருந்து வேறு திசையில் புறப்பட்ட இன்னொரு குடும்பத்தின் தடம் அதுவாக இருக்கலாம். வயது 200 என்று வந்தால் அந்தக் கிளை எங்கிருந்து வந்தது என்பதை டிஎன்ஏவால் சொல்ல முடியாது. அப்போது நாட்டிங்ஹாம்ஷயர்த் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில், தந்தை பெயருக்கான இடம் எந்த வரியில் வெறுமையாக இருக்கிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும்.